பின்பக்கத்து இடது ஸ்பீக்கர்

பிரான்சிஸுக்குத் தெரியாத ஸ்பீக்கர் உலகத்திலேயே இல்லை. அப்படித்தான் அவர் நினைத்துக்கொண்டிருந்தார். அரியலூர் சிமென்ட் ஆலை ஒன்றில் அரவை மில் பக்கத்திலேயே வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், மாடியில் ஓர் அறை கட்டி அதற்குத் தியேட்டர் என்று பெயரும் வைத்துவிட்டார். அன்றிலிருந்து சாப்பிடும்போதும் யூடியூப்தான். யாரோ ஒரு தாடிக்காரன் சொன்னதையெல்லாம் தானே கண்டுபிடித்ததுபோல மனைவி சோபியாவிடம் ஒப்பிப்பார். சப்வூஃபர், வாட்ஸ், சரவுண்டு! கட்டில் போட்டால் நடக்க இடமில்லாத அறைக்கு இடி வாங்கப் போகிறாராம் என்று நினைத்தபடி அவள் ரசத்தை ஊற்றுவாள்.

ஒரு சனிக்கிழமை இருவரும் பஸ் ஏறிப் பெரம்பலூர் போனார்கள். கடைக்காரன் வீரமணி அவர்களை ஏசி அறையில் சோபாவில் உட்காரவைத்து ஒரு சண்டைப் படத்தை ஓடவிட்டான். ஹெலிகாப்டர் பறந்தது, கட்டடம் சரிந்தது, சோபா அதிர்ந்தது. பிரான்சிஸ் கண்ணை மூடி, பூசையில் உட்கார்ந்ததுபோலத் தலையைச் சாய்த்துக் கேட்டார்.

"பேஸ் பத்தலப்பா, அடிச்சத்தம் அதிரவே இல்ல. விளையாட்டுச் சாமான் மாதிரி இருக்கு."

"சாருக்கு என்னா காது சார்! எல்லாருக்கும் இது புரியாது."

முந்தைய ஆளின் காதையும் இவன் இப்படித்தான் புகழ்ந்திருப்பான் என்று சோபியாவுக்குத் தோன்றியது. "யாராச்சும் சாதாரணமா பேசுற மாதிரி எதாவது போடுங்களேன்" என்றாள்.

"பேச்சு கேக்கவா தியேட்டர் வைக்கிறோம்? அதுக்குத்தான் நீ இருக்கியே" என்றார் பிரான்சிஸ். வீரமணி சிரித்தான்.

அடுத்த செட்டில் மழைக்காட்சி. பிரான்சிஸ் முகம் மலர்ந்தது. "கேட்டியா? பின்னாடி இடது பக்கத்துல எப்படிப் பெய்யுது! சொட்டுச் சொட்டா விழுது."

சோபியா திரும்பிப் பார்த்தாள். அந்தப் பக்கம் சொட்டுத் தண்ணீர் இல்லை. ஸ்பீக்கரின் ஒயர் எதிலும் மாட்டாமல் சுருண்டு தொங்கிக்கொண்டிருந்தது. வீரமணியும் அதைப் பார்த்தான். பார்த்துவிட்டு, "அதான் சார் இந்த செட்டோட ஸ்பெஷலே" என்றான். படத்தை நிறுத்திவிட்டு விலைப் பட்டியலை எடுத்துவர வெளியே போனான்.

சோபியாவுக்குக் குஷி. மாட்டினார் மனுஷன்! அவருடைய இடப்பக்கம் நகர்ந்து உட்கார்ந்து, "என்னங்க, அந்த ஒயரைப் பாருங்க" என்று காதோரமாகச் சொன்னாள். அவர் அசையவில்லை. "வூடு பத்திக்கிட்டு எரியுது" என்றாள். அறை அமைதியாகத்தான் இருந்தது. அவர் காலியான திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் சிரிப்பு நின்றுவிட்டது. தோளைத் தொட்டு ஒயரைக் காட்டினாள். பிரான்சிஸ் எழுந்துபோய் அதைக் கையில் எடுத்துப் பார்த்தார். திரும்பி வந்த வீரமணி, "மாட்ட மறந்துட்டேன் சார்" என்றான்.

"அப்ப எதை ஸ்பெஷல்னு சொன்னீங்க?" என்று கேட்டாள் சோபியா.

"சாரே சொல்லும்போது நான் எப்படிங்க இல்லைங்கறது?"

பிரான்சிஸ் ஒன்றும் வாங்காமல் இறங்கிவிட்டார். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் அந்தக் கடையைத் திட்டித் தீர்த்தார். பிறகு, "நீயும் சிரிச்சிருப்ப" என்றார்.

"சிரிக்கத்தான் பாத்தேன். உங்க இடது காதுல ரெண்டு தடவை பேசுனேன். நீங்க திரும்பல."

அவர் தரையைப் பார்த்தார். "மில்லு சத்தத்துல இருந்தவங்க பல பேருக்கு அப்படித்தான். கொஞ்சம் மந்தம்."

"தெரியுமா உங்களுக்கு?"

"தெரியும்."

அதுதான் அவளைச் சுட்டது. வாய்க்குள்ளேயே முனகுறே, ஒழுங்காப் பேசு என்று வருஷக்கணக்காக அவளையல்லவா திட்டினார்! பிள்ளைகள் முன்னால், சொந்தக்காரர்கள் முன்னால். "தெரிஞ்சுக்கிட்டேவா என்னைத் திட்டுனீங்க? தாடிக்காரங்கிட்ட ஸ்பீக்கரைப் பத்திக் கேட்டதுக்குப் பதிலா ஒரு டாக்டர்கிட்ட காதைக் காட்டியிருக்கலாம்ல?"

பிரான்சிஸ் வந்த பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தார். சோபியா வேறு சீட்டில் போய் உட்கார்ந்தாள்.

மறுவாரமே அவரைத் திருச்சிக்கு இழுத்துக்கொண்டு போனாள். டாக்டர் காதுக்கு மெஷின் வைத்தார். அந்தக் கையோடு அங்கேயே ஒரு ஸ்பீக்கர் கடையில் நுழைந்தார்கள். சோபியா சொன்னபடி இரண்டு சின்ன ஸ்பீக்கர்களில் செய்தி வாசிப்பதைப் போட்டார்கள். வார்த்தை வார்த்தையாகத் தெளிவாகக் கேட்டது.

"எப்படி சார் இருக்கு?" என்றார் கடைக்காரர்.

பிரான்சிஸ் வாயைத் திறந்தார், மூடினார். "அவங்களைக் கேளுங்க" என்றார்.

சோபியா, மனுஷன் கொஞ்ச நேரம் காத்திருக்கட்டுமே என்று இன்னொரு செய்தியையும் போடச் சொன்னாள்.