நாற்பத்திரண்டு கேப்சூல்களும் ஒரு நூடுல்ஸும்

கல்லூரியின் கடைசி நாளில் ஆய்வகத்தில் நூடுல்ஸ் வேகவைக்கச் சொல்லி உச்சிமாகாளியை யாரும் வற்புறுத்தவில்லை. பசி, அவ்வளவுதான். வாட்டர் பாத் கொதித்துக்கொண்டு சும்மா கிடந்தது. நான்கு வருடமாக அந்த வெந்நீர்த் தொட்டியில் பீக்கரை இறக்கி இறக்கி எடுத்தவனுக்கு, ஒரு நாள் டிபன் டப்பாவை இறக்கினால் குடியா மூழ்கிவிடும் என்று தோன்றியது. டப்பாவுக்கு மூடி இல்லை. பக்கத்தில் இருந்த கண்ணாடி ஜாடியின் மூடி அளவெடுத்ததுபோலப் பொருந்தியது. கழற்றிக் கவிழ்த்துவிட்டு, டி.சி. விண்ணப்பத்தில் கையெழுத்து வாங்க அலுவலகத்துக்குப் போனான்.

முக்கால் மணி நேரம் கழித்துத் திரும்பினால் நூடுல்ஸ் பதமாக வெந்திருந்தது. ஜாடியில் இருந்ததும் வெந்திருந்தது.

ஜாடியில் இருந்தவை நாற்பத்திரண்டு கேப்சூல்கள். மருந்து கிடையாது, காலி ஓடுகள். பி.ஃபார்ம் கடைசி வருட வகுப்பில் சீட்டுக் குலுக்கிப் போட்டு, யார் பெயர் வருகிறதோ அவருக்கு ஒரே ஒரு வரி எழுதவேண்டும்; எழுதியவர் பெயர் போடக்கூடாது; தாளைச் சுருட்டி கேப்சூலுக்குள் அடைத்து, மேலே வாங்குகிறவரின் ரோல் நம்பரை எழுதவேண்டும். மாலை விழாவில் ஆளுக்கு ஒன்று. ஜெலட்டின் ஓடு ஆவி பட்டால் இளகும் என்பது முதல் வருடப் பாடம். அந்தப் பாடத்தில் உச்சி இரண்டு முறை அரியர் வைத்தவன்.

“இன்னாடா இது?” ஜாடியைத் தலைகீழாகக் கவிழ்த்தான் எழிலரசன். சேரப்பணஞ்சேரிக்காரன், உச்சியின் பெஞ்சு தோழன். ஒன்றும் விழவில்லை. “திருநெல்வேலிக்காரன் கைல குட்த்தா எல்லாம் அல்வாதானா?”

“ஆறிட்டுன்னா உதிர்ந்துரும்லே.”

“ஆறிச்சின்னா துண்டு போட்டு விக்கலாம்.”

பத்துப் பேர் சூழ்ந்துகொண்டு வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து, இடுக்கியால் ஒவ்வொரு தாளாகப் பிரித்தார்கள். பால்பாயிண்ட் எழுத்து பிழைத்தது. ஓட்டின் மேலிருந்த நம்பர்கள் கரைந்து போயின. எந்த வரி யாருக்கு என்று இனி கடவுளுக்கே தெரியாது. ஆனால் அதுவே ஒரு விளையாட்டாகிவிட்டது. ஒருத்தி வாசிக்க, மற்றவர்கள் ஆளைச் சொன்னார்கள்.

“‘இண்டஸ்ட்ரியல் விசிட்ல தலைக்குப் போடுற தொப்பிய ஷூவுக்கு மாட்டின மேதையே, நல்லா இரு.’”

“உச்சி!” என்றார்கள் கோரஸாக. மறுக்க வழியில்லை.

“‘நாம அடிச்ச மொத மாத்திர சொவத்துல எறிஞ்சும் ஒடையல. அத முழுங்கிக் காட்டினியே, பாவி.’”

அதுவும் உச்சிதான். மூன்று நாள் அவனைப் பற்றி விடுதியே கவலைப்பட்ட கதையை எழிலரசன் நடித்தே காட்டினான். ஒரு நாள் காலையில் ஸ்ரீபெரும்புதூரில் கம்பெனி பஸ்ஸைக் கல்லூரி பஸ் என்று நினைத்து ஏறி, கல்லூரி இருக்கும் பென்னலூரில் இறங்காமல் ஒரு கார் கம்பெனி வாசல் வரை போய், அங்கே உப்புமா சாப்பிட்டுவிட்டு வந்த கதையும் வந்தது. எல்லாரும் சிரித்தார்கள். உச்சியும் சிரித்துக்கொண்டே அடுத்த தாளைப் பிரித்தான்.

‘அந்த வேலை எப்படிக் கிடைச்சுதுன்னு உனக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.’

அவன் சிரிப்பு நின்றது. அவன் அதை வாசிக்கவில்லை. சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

ஒரகடத்து மாத்திரைக் கம்பெனி அந்த வகுப்பில் பத்துப் பேரை எடுத்திருந்தது. பத்தாவது ஆள் உச்சி. மதிப்பெண் பட்டியலில் அவனைத் தேடவேண்டுமென்றால் கீழேயிருந்து தொடங்குவதுதான் சுருக்குவழி. வேலைக் கடிதம் பையில்தான் இருந்தது. ஐந்து மணிக்குள் கையெழுத்துப் போட்டு அலுவலகத்தில் கொடுக்கவேண்டும். சங்கரன்கோவிலில் அம்மா தெருவுக்கே சொல்லி முடித்துவிட்டாள். ஆனால் யாரோ இரக்கப்பட்டுப் போட்ட வேலை என்றால் அவனால் அந்த வெள்ளை அங்கியை மாட்டிக்கொண்டு நிற்க முடியாது. கோமாளிக்கும் ஒரு ரோஷம் உண்டே.

சந்தேகத்துக்கு ஆள் தேட வேண்டியிருக்கவில்லை. வகுப்பில் முதலிடம் ரஞ்சனி. அவள் அப்பா அதே கம்பெனியில் பேக்கிங் சூப்பர்வைசர். நேர்காணல் அன்று காய்ச்சல் என்று ஒதுங்கியவள், மறுநாளே கேன்டீனில் குச்சி ஐஸ் தின்றாள்.

முதலில் எழிலரசனை ஓரமாகக் கூப்பிட்டான். “எனக்கு வேலை எப்படிலே கெடச்சுது?”

எழிலரசன் இடுக்கியைத் துடைத்தான். ஏற்கெனவே துடைத்த இடுக்கி. “அத வுடு நைனா. கெடச்சத வெச்சிகினு போவியா.”

“ஒனக்குத் தெரியும்.”

“எனக்கு இன்னா தெரியும்? எனக்கே கெடைக்கல.” முகத்தைப் பார்க்காமலே போய்விட்டான்.

ஆய்வக உதவியாளர் பரசுராமனிடம் போனான். “அண்ணே, அன்னைக்கு இண்டர்வியூல என்னண்ணே நடந்துச்சு?”

“நான் பியூரெட் கழுவறவன்பா. என்னாண்ட கேட்டா?” என்றார் அவர். ஆனால் கழுவிக்கொண்டிருந்த பியூரெட்டுக்குள் பார்த்துச் சிரித்தார்.

ஆக, ஊருக்கே தெரிந்திருக்கிறது. பலியாடு ஒன்றைத் தவிர.

உச்சி தாளைத் திருப்பிப் பார்த்தான். பின்பக்கம் பச்சைக் கட்டம். கிராஃப் தாள். வடை மடிக்கவும் கிராஃப் தாள் கிழிக்கிற ஆள் வகுப்பில் ஒருத்திதான்.

மணி நாலே முக்கால். ரஞ்சனி பஸ் நிற்கும் இடத்தில் தோழிகளின் வெள்ளை அங்கிகளில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். தாளை நீட்டினான்.

“நீதான?”

“ஐயோ, வெந்து போச்சுன்னாங்களே.”

“எனக்கு வந்தது மட்டும் வேகல. சொல்லு. எனக்காவத்தான் நீ இண்டர்வியூக்கு வரலயா? இல்ல, ஒங்கப்பா சொன்னாரா?”

“பஸ் வருது உச்சி.”

“நாலு வருஷம் என்னை வச்சு சிரிச்சிருக்கீங்க, நானும் சேர்ந்துதான் சிரிச்சேன். இதுல மட்டும் சிரிக்க முடியல. பிச்சைன்னா இப்பமே இந்தக் கடிதாசிய திருப்பிக் குடுத்துட்டு ஊருக்குப் போறேன்.”

பஸ் வந்தது. ரஞ்சனி ஏறவில்லை. பஸ் போனது.

“கேட்டுக்க. எங்கப்பா வேலை பாக்கற எடத்துல நான் சேந்தா, நான் எத்தன தும்மினேன்னு வூட்டுக்கு லிஸ்ட் போகும். அதான் காய்ச்சல். உனக்காக ஒண்ணும் இல்ல.”

“பொறவு?”

“கடசி சீட்டுக்கு நீயும் எழிலும். மார்க்குல அவன்தான் மேல. மறுநாளு, கம்பெனில தரம் பாக்கற க்யூஏ மேடம் திரும்ப வந்து ரெண்டு பேர் ரெக்கார்டு நோட்டும் கேட்டாங்க. பரசுராமன் அண்ணா எடுத்துக் குட்த்தாரு, நான்தான் கொண்டும் போனேன். எழில் நோட்டுல எல்லா அளவும் அச்சு மாதிரி சரியா இருந்துச்சு. சீனியர் நோட்ட பாத்து எழுதினா சரியாத்தான இருக்கும்? நாங்க எல்லாருமே அப்டித்தான் எழுதினோம்.”

உச்சிக்கும் பார்த்து எழுதத்தான் ஆசை. சீனியர் நோட்டில் சாம்பாரைக் கொட்டியதால், மூன்றாம் வருடத்திலிருந்து யாரும் அவனுக்குக் கொடுக்கவில்லை. வேறு வழியில்லாமல் செய்து பார்த்து எழுதினான்.

“உன் நோட்டுல பக்கத்துக்குப் பக்கம் தப்பு. ஆனா ஒரு எடத்துலயும் நீ கிறுக்கி மறைக்கல. ஒரே கோடு, உள்ள இருக்கறது தெரியற மாதிரி. பக்கத்துல கையெழுத்து, தேதி. அப்புறம் திரும்பச் செஞ்ச அளவு. கம்பெனில அப்டித்தான் அடிக்கணுமாம். மேடம் பதினஞ்சு நிமிஷம் அதையே பெரட்டினாங்க. எழிலுக்கு சங்கடமா இருக்கும்னு நாங்க யாரும் வாயத் தொறக்கல.”

உச்சி பையிலிருந்து கடிதத்தை எடுத்தான். அலுவலகத்தின் கதவு இன்னும் திறந்துதான் இருந்தது.

“அப்பம், யாரும் பாவம் பாக்கலயா? சத்தியமா?”

“இல்ல. அந்த வேலை உன்னோடது. ஓடு, அஞ்சாகப் போவுது. கையெழுத்து கோணிச்சுன்னா ஒரே கோடு அடிச்சிட்டுத் திரும்பப் போடு.”