ஒன்பது பெட்டிகள்

காலூன்ற நிலமெட்டாத ஆழத்தில், எட்டு நங்கூரச் சங்கிலிகளை நம்பி மிதந்துகொண்டிருந்தது அந்த எண்ணெய்த் துரப்பண மேடை. பம்பாய்க்கு மேற்கே ஐந்து நாள் கொந்தளித்த ஆனி மாதக் கடல் அன்று காலைதான் சற்றே அடங்கி, ஹெலிகாப்டருக்கு வழிவிட்டிருந்தது. மேல்தளத்தில் அதையே பார்த்தபடி நின்றான் குழாய் சுமக்கும் தொழிலாளி அரியமுத்து. நான்காம் நாள் விடியலில் வரதராஜன்பேட்டையில் அவனுக்குத் திருமணம். சென்ற ஆவணியில் குறித்த நாளும் இப்படித்தான் புயலோடு போயிற்று. இம்முறையும் தவறினால் மகள் வேம்புவைத் தம் தங்கை மகனுக்குக் கட்டிவிடுவதாகப் பெண்ணின் தந்தை பாவாடை சொல்லியனுப்பியிருந்தார்.

ஊர் திரும்பும் ஒன்பது பேரையும் அவர்தம் பெட்டிகளையும் தராசிலேற்றி எடை குறித்துக்கொண்டிருந்தார் பண்டகக் காப்பாளர் சிவசுப்பிரமணியன். உடையார்பாளையத்துக்காரர், அந்த ஒன்பதின்மரில் தாமும் ஒருவர்.

"எடம் ஒண்ணு இருக்கு தம்பி, எடைதான் இல்ல. காத்து மாறுனா சுத்திப் போவணும்னு பைலட்டு கூடுதலா பெட்ரோல் போட்டிருக்காரு. நீ அம்பத்தெட்டு கிலோ. அடுத்த வாரம் பாக்கலாம்."

"அடுத்த வாரம் போயி என்னங்க சார் பண்றது? பந்தக்காலப் புடுங்கவா?"

அவர் சிரிக்கவில்லை. திரும்பி, அவன் நிலையை மற்றவர்களுக்கு இந்தியில் சொன்னார். துளையிடுவோருக்குத் தலைவரான பஞ்சாபியர் தம் தகரப்பெட்டியைத் தராசிலிருந்து இறக்கிவைத்தார். அடுத்தவர் மடித்துக் கட்டிய கம்பளியை. இன்னொருவர் இரண்டு மாதமாகத் துணி சுற்றிக் காத்த டேப்ரிக்கார்டரை. கேளாமலே பொழியும் மழைபோல் அந்தத் தளத்தில் பெட்டிகள் ஒவ்வொன்றாய் இறங்கின. கடைசியாகத் தம்முடையதையும் காலால் தள்ளினார் சிவசுப்பிரமணியன்.

"அடுத்த தடவ எடுத்துக்கறோம். வெறுங்கையோட போனா எங்க வூட்டுக்காரி கமலவேணி சண்டைக்கு வருவா. வரட்டும். நீயும் ஒன் பைய இங்கயே வச்சுட்டு ஏறு."

இரண்டு ரயில் மாறி, அரியலூரில் பஸ் பிடித்து, பந்தலில் மாவிலைத் தோரணம் கட்டும் வேளையில் ஊர் சேர்ந்தான்.

"என்னா மாப்ள, ரெண்டு வருசம் கடல்ல இருந்துட்டு ஒரு பையிகூட இல்லாம வர? வந்தியா, வெள்ளத்துல அடிச்சுக்கிட்டு வந்தியா?" என்றார் பாவாடை.

மறுநாள் விடியலில் தாலி ஏறியது. பெரியவர்களை வணங்கி எழுந்தவன் அத்தோடு நிற்கவில்லை. பந்தலின் நடுவே நின்று, கிழக்கு, தெற்கு, மேற்கு, வடக்கு என ஒவ்வொரு திசையிலும் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தான். வேம்பு காரணம் கேட்கவில்லை. மாலை கசங்க அவனோடு தானும் விழுந்தெழுந்தாள்.

"அந்தப் பக்கமெல்லாம் யாருடா இருக்கா?" என்று கேட்டார் பாவாடை.

"என்னை ஏத்திவுட்ட ஒம்பது பேரு மாமா. ஒருத்தரு நம்ம உடையார்பாளையம். மத்த எட்டுப் பேரு ஊரு எந்தப் பக்கம்னு நான் கேட்டுக்கல."

பாவாடை தோள்துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். எந்தத் திசையென்று அறியாமல், பொதுவாகக் கைகூப்பினார்.