ஏழாம் நம்பர் மலைக்கு மூன்று சைக்கிள்

தேயிலைத் தோட்டத்து நான்காம் நம்பர் மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த ஜெயலெட்சுமி, இடுப்பை நிமிர்த்த ஒரு நிமிடம் நின்றாள். அப்போதுதான் எதிர்ப்பக்கச் சரிவில் மூன்று சைக்கிள்கள் ஊர்ந்து வருவதைக் கண்டாள். முன்னால் வருவது தங்கச்சி தயானி என்று தெரிந்துகொள்ள முகம் தேவைப்படவில்லை, அந்த மஞ்சள் தலைக்கவசமே போதும். பின்னால் இரண்டு விருந்தாளிகள். மூவரும் ஓயாவை, கீழே ஓடுகிற அந்தச் சிற்றாற்றை, ஒட்டிய மண் ரோட்டை விட்டு மேலே ஏறுகிற ரோட்டில் திரும்பினார்கள். அந்த ரோடு ஏழாம் நம்பர் மலைக்குப் போகிறது, வேறெங்கும் போகவில்லை.



காலை ஆறரைக்குப் பெரட்டில், வேலைக்கு ஆள் பிரிக்கிற அந்தக் களத்தில், கணக்கப்பிள்ளை தொண்டையைச் செருமிவிட்டுச் சொன்னது இது: "நேத்து மரம் வெட்ட வந்தவனுங்க ஏழாம் நம்பர்ல டர்பன்டைன் மரத்துக் குளவிக் கூட்டக் கலைச்சி விட்டுட்டுப் போயிட்டானுங்க. அந்தப் பக்கம் ஒருத்தரும் போகப்படாது. சத்தம் கித்தம் போடப்படாது." அவ்வளவுதான். ஒரு பலகை இல்லை, குறுக்கே ஒரு கயிறு இல்லை. தோட்டத்தில் எதையும் எழுதி வைக்கிற வழக்கம் கிடையாது. பெரட்டில் சொன்னால் சொன்னதுதான். பெரட்டுக்கு வராதவர்கள் என்ன ஆவார்கள் என்று கேட்டால், பெரட்டுக்கு வராதவனுக்குத் தோட்டத்தில் என்ன வேலை என்று திருப்பிக் கேட்பார்கள். நல்ல நியாயம்!

தயானி பெரட்டுக்கு வராதவள். மூன்று வருசத்துக்கு முன்னால் கொழுந்து கிலோ குறைந்ததென்று கணக்கப்பிள்ளை அவளுக்கு அரைநாள் கூலியாக அரைப்பேர் போட்டு, நூறு பேருக்கு முன்னால் வாய்க்கு வந்ததையும் சொன்னார். இடுப்பில் கட்டியிருந்த படங்கை, அந்த முரட்டுச் சாக்குத் துணியை, அவிழ்த்து அவர் காலடியில் போட்டுவிட்டு நடந்தவள், அந்தக் களத்தை அதற்குப் பிறகு மிதிக்கவில்லை. எல்ல டவுனில் ஒரு சுற்றுலாத் தங்குமிடத்தில் வேலைக்குச் சேர்ந்து, வருகிறவர்களைத் தோட்டத்து ரோடுகளில் சைக்கிளில் கூட்டிப்போகிறாள். மலையேறிப் பரிசு வாங்குகிற ஓட்டம் இல்லை, ஆற அமரப் போகிற ஓட்டம். "போய்ச் சேர்றதுக்கு இல்லீங்க, பார்க்கிறதுக்குத்தான் போறோம்" என்று எல்லாரிடமும் சொல்வாள். அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் ஒரு பவுசு வரும். அக்காவுக்கு அந்தப் பவுசு பிடிக்கும். வெளியே சொன்னதில்லை.

களத்தை மிதிக்காவிட்டாலும் பெரட்டுச் சேதி தயானிக்குத் தவறாமல் போய்க்கொண்டுதான் இருந்தது. பெரட்டு முடிந்து மலைக்குப் போகிற வழியில் தயானி இருக்கிற லயத்து அறை வாசலில் நின்று, "இன்னைக்கு மூணாம் நம்பர்ல மருந்தடிக்கிறாங்க, அந்தப் பக்கம் போகாத" என்று ஜெயலெட்சுமி சொல்லிவிட்டுப் போவாள். மூன்று வருசமாக ஒரு நாள் விடவில்லை.

நேற்றுச் சாயந்தரம் பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கிற இராக்கம்மாவை வைத்துக்கொண்டு தயானி சொன்னாள்: "அக்கா, உன் பெரட்டுச் சேதியெல்லாம் இனி எனக்கு வேணாம். காலங்காத்தால அந்தாளு பேச்சக் கேட்டுட்டு வந்து எனக்கு ஒப்பிக்கிற. எனக்குப் போன்ல மேப் இருக்கு."

சுருக்கென்று தைத்தது. மூன்று வருசத்து அக்கறையை ஒரு பேச்சில் தூக்கிக் குப்பையில் போட்டுவிட்டாளே! இன்று காலை வாசலைக் கடந்தபோது தயானி குனிந்து டயருக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தாள். ஜெயலெட்சுமி நின்றாள். வாய் வரை வந்தது. 'மேப் பார்த்துக்கட்டும்' என்று நினைத்துக்கொண்டு நடந்துவிட்டாள். ஏழாம் நம்பருக்கு இன்றைக்குப் போகமாட்டாள் என்று தனக்குத்தானே ஒரு சமாதானமும் சொல்லிக்கொண்டாள்.

இப்போது போனை எடுத்துத் தயானியை அழைத்தாள். மணி இரண்டு தடவை அடித்தது, வெட்டிவிட்டாள். மறுபடியும் அழைத்தாள், மறுபடியும் வெட்டினாள். மூன்றாவது தடவை போன் அணைக்கப்பட்டிருந்தது.

"தயானீ! அங்க போகாத!"

ஓயாவின் இரைச்சல் சத்தத்தை நடுவழியிலேயே விழுங்கிவிட்டது. பக்கத்து நிரையிலிருந்து இராக்கம்மா வந்து அவள் கை காட்டிய திசையைப் பார்த்தாள். "அடி ஆத்தே!" என்று தலையில் கட்டியிருந்த துணியை உருவி வீசினாள். நிரையில் நின்ற பெண்கள் அத்தனை பேரும் கையை ஆட்டினார்கள்.

எதிர்ச்சரிவில் சைக்கிள்கள் நின்றன. கடைசியாக வந்த பெண்மணி காலை ஊன்றிக்கொண்டு, இரண்டு கையையும் உயர்த்தி, சந்தோசமாகத் திருப்பிக் கை ஆட்டினாள். அவளோடு வந்த ஆண் போனை நீட்டிப் படம் எடுத்தார். கொழுந்து எடுக்கிற பெண்கள் கை காட்டினால் விருந்தாளிகள் வேறு எப்படி எடுத்துக்கொள்வார்கள்? தயானி மட்டும் ஒரு கணம் இந்தப் பக்கம் பார்த்தாள். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு பெடலை மிதித்தாள்.

ஜெயலெட்சுமி கூடையைக் கழற்றி அப்படியே விட்டாள். கொழுந்து கொட்டியது.

"எங்கடி ஓடுற?" என்று மேலேயிருந்து வீரய்யா கங்காணி கத்தினார். "பேர வெட்டிருவேன்!"

"வெட்டிக்கங்க! ஏழாம் நம்பருக்கு ஆள் போகுது!"

அடுத்த நொடி கங்காணியே போனை எடுத்து, தேயிலை ஸ்டோருக்கு அழைத்து லொறி கேட்க ஆரம்பித்தார்.

செடிகளுக்கு நடுவே விழுந்தடித்துக்கொண்டு இறங்கினாள். தேயிலை வாதுகள் முழங்காலைக் கிழித்தன. அட்டை ஏறியதா இல்லையா என்று பார்க்க நேரமில்லை. போன வருசம் மேல் டிவிசனில் குளவி கொட்டி, காலையில் கூடையோடு போன மனுசியைப் பின்னேரம் பெட்டியில் கொண்டுவந்தார்கள். அந்த முகத்தை யாருக்கும் காட்டவில்லை. ஜெயலெட்சுமிக்கு இப்போது அந்தப் பெட்டி மட்டும்தான் கண்ணுக்குள் நின்றது. அதில் யார் கிடந்தாலும் கொன்றது குளவி இல்லை. வாசலில் நின்றும் வாயைத் திறக்காதவள்தான்.

இறங்க இறங்க, மேலே ஒரு கண் வைத்திருந்தாள். அவர்கள் மாவனல்லையிலிருந்து வந்த டீச்சரும் கணவரும் என்று நேற்றே தயானி போனில் பேசும்போது சுவருக்கு இந்தப் பக்கமிருந்து கேட்டிருந்தாள். முஷ்ரிபா டீச்சர் ஓய்வு பெற்ற பிறகுதான் சைக்கிள் பழகினாராம். அந்த அம்மாள் நிமிடத்துக்கொரு தடவை இறங்கினார். வேலியோரப் பூவைப் பார்க்க ஒரு தடவை, தண்ணீர் குடிக்க ஒரு தடவை. 'இறங்கு தாயே, இன்னும் ஒரு பூவைப் பாரு' என்று கெஞ்சிக்கொண்டே ஓடினாள். அந்த மெத்தனம்தான் இப்போது மூன்று உயிரையும் பிடித்து வைத்திருந்தது. ஆனால் கணவர் ஸஹாப்தீனுக்குப் பொறுமை இல்லை. அவர் தனியாக முன்னால் போய்க்கொண்டிருந்தார்.

ஓயாவை முழங்கால் தண்ணீரில் கடந்தாள். குறுக்குப் பாதையில் நாலு காலில் ஏறினாள். ரோட்டில் கால் வைத்தபோது வளைவில் தயானியும் டீச்சரும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள்.

"இது என்ன பூ மகள்?" என்று டீச்சர் கேட்டுக்கொண்டிருந்தார்.

ஈரச் சேலையும் கிழிந்த முழங்காலுமாக நடுரோட்டில் நின்ற அக்காவைக் கண்டதும் தயானிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "வேலைக்கு வந்த எடத்துலயும்..." என்று தொடங்கினாள். ஜெயலெட்சுமி பாய்ந்து அவள் வாயைப் பொத்தினாள். மூச்சு வாங்கியதில் பேச்சு காற்றாகத்தான் வந்தது.

"குளவி. கூடு கலைஞ்சி கெடக்கு. அந்த மரத்துல."

தயானியின் கண்கள் பெரிதாயின. மூவரும் திரும்பிப் பார்த்தார்கள். நாற்பது எட்டு தள்ளி, டர்பன்டைன் மரத்துக்கு நேர் கீழே, ஸஹாப்தீன் சைக்கிளை நிறுத்திவிட்டு நின்றார். தலைக்கு மேலே கிளையில் ஒரு கறுப்புப் பொதி, பாதி பிய்ந்து, தொங்கிக்கொண்டிருந்தது. ஜெயலெட்சுமி கையை மட்டும் அசைத்தாள். வாங்க, மெல்ல வாங்க. அவர் அதைப் பார்த்தார். மனைவி எப்போதும்போலப் பிந்துகிறார், வேலைக்காரப் பெண்களோடு கதையளக்கிறார் என்று நினைத்திருக்க வேண்டும். சிரித்துக்கொண்டே சைக்கிள் மணியை அடித்தார்.

கிணிங் கிணிங்.

"முஷ்ரிபா! கெதியா வாங்க!"

பொதி அசைந்தது.

"டீச்சர ரோட்டோர வடிகானுக்குள்ள படுக்க வைய்யி. நீயும் மேல படு. அசையாத" என்று மட்டும் சொல்லிவிட்டு, இடுப்புப் படங்கை அவிழ்த்துக்கொண்டே ஜெயலெட்சுமி ஓடினாள். பின்னால் தயானி "அக்கா!" என்று கூப்பிட்டது கேட்டது. ஸஹாப்தீன் முகத்தைக் கையால் அடித்துக்கொண்டு வட்டமாகச் சுற்றிக்கொண்டிருந்தார். அவரைத் தள்ளி விழுத்தி, தலையையும் கழுத்தையும் படங்கால் மூடி, அதன் மேல் தானும் குப்புற விழுந்தாள். அந்தப் படங்கு இரண்டு பேருக்குக் காணாது. அது அவிழ்க்கும்போதே தெரிந்ததுதான்.

முதல் கொட்டு கழுத்தில், அடுத்தது காதில். அதற்குப் பிறகு எண்ண முடியவில்லை. கீழே அந்த மனுசன் ஏதோ ஓதிக்கொண்டிருந்தார். அவளுக்கு ஒரு சாமி பேரும் வாயில் வரவில்லை. கானுக்குள் இருந்து சத்தம் வருகிறதா என்பதையே காதைக் கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். வரவில்லை. அது போதும் என்று நினைத்தபோது லொறியின் இரைச்சலும் எரிகிற பச்சைத் தழையின் புகையும் வந்தன.

பதுளை ஆஸ்பத்திரியில் கண் விழித்தது அடுத்த நாள் பகலில். ஒரு கண்தான் திறந்தது. கட்டிலோரம் முஷ்ரிபா டீச்சர் அவள் கையைப் பிடித்துக்கொண்டு இருந்தார்.

"எங்கட ஆளுக்கு ஒம்பது கொட்டு, நல்லா இருக்கார். நீங்க இல்லாட்டி நான் இண்டைக்கு என்ன நிலமையில இருந்திருப்பேன்? சாகும் வரைக்கும் உங்களுக்காகத் துஆ செய்வேன் மகள்."

ஒவ்வொரு வார்த்தையும் இன்னொரு கொட்டாக இறங்கியது. டீச்சர் வெளியே போன பிறகு, கால்மாட்டில் நின்ற தயானியை அருகே கூப்பிட்டு உட்காரச் சொன்னாள். தயானிக்குக் கையில் இரண்டு இடம் மட்டும் வீங்கியிருந்தது.

"எனக்குக் காலையிலேயே தெரியும்" என்றாள் ஜெயலெட்சுமி. உதடு ஒத்துழைக்கவில்லை. "பெரட்டுல சொன்னாங்க. வாசல்ல நின்னேன். வேணும்னுதான் சொல்லல."

சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். எழுந்து போகட்டும் என்று காத்திருந்தாள். நாற்காலி நகரவில்லை. தயானியின் குரல் வந்தது.

"ஏழாம் நம்பர்ல கொழுந்து முத்திக் கெடந்துச்சு. ஒரு ஆளும் நிரையில இல்ல. தோட்டத்துல பொறந்தவளுக்கு அது தெரியாதா? பார்த்தேன். என்னமோ இருக்குன்னு தோணுச்சு. ஒனக்குப் போன் எடுத்துக் கேக்கணுமேன்னுதான் கேக்காமப் போனேன்."

தயானி ஈரத் துணியை மடித்து அக்காவின் மூடிய கண்ணில் வைத்தாள்.

மறுநாள் காலை ஆறே முக்காலுக்கு ஜெயலெட்சுமியின் போன் அடித்தது. தயானி. முதல் மணியிலேயே எடுத்தாள். அந்தப் பக்கம் காற்று இரைந்தது, பெண்கள் பேசுகிற சத்தம், அதற்கு மேலாகப் பேர் கூப்பிடுகிற கணக்கப்பிள்ளையின் கரகரத்த குரல்.

"எங்க நிக்கிற?" என்று கேட்டாள். கேட்கத் தேவையே இல்லை.

"சேதி சொல்றேன், கேளு" என்றாள் தயானி. "ரெண்டாம் நம்பர்ல மருந்தடிக்கிறாங்க. அஞ்சாம் நம்பர் பாலத்துல பலகை ஒடைஞ்சிருக்கு, அந்தப் பக்கம் போகக்கூடாது. ஏழாம் நம்பர் இன்னும் பூட்டுத்தான்."

கட்டிலை விட்டு எழ முடியாதவளுக்கு அதில் எதுவும் தேவையில்லை. ஆனாலும் ஜெயலெட்சுமி கடைசி வரை கேட்டாள். பிறகு, ஏழாம் நம்பரை இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள்.