ஆடாத லயம்

பீர்மேட்டில் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே அலியாருக்கு அலுத்துப்போயிருந்தது. இது ஐந்தாவது எஸ்டேட். சித்தூர் தாலுக்கா ஆபீசில் குமாஸ்தாவாக உட்கார்ந்திருந்தவரை, தோட்டத்து ஜனங்கள் பேசும் தமிழை எழுதப் படிக்கத் தெரியும் என்ற ஒரே காரணத்துக்காக, பூமி அதிர்ச்சி பற்றி விசாரிக்க மலைக்கு அனுப்பிவிட்டார்கள்.

அதிர்ச்சி வந்தது போன மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை முற்பகலில். பெரியதல்ல. ஆனாலும் ஜியாலஜி ஆபீசர் விடவில்லை. கோட்டயத்தில் தம் மேஜை முன்னால் அலியாரை நிறுத்திவைத்துப் படம் போட்டுக் காட்டினார். பூமிக்கு அடியில் பாறை வருஷக்கணக்காக நெருக்குண்டு கிடந்து, ஒருநாள் தாங்கமாட்டாமல் சட்டென்று நழுவிவிடுகிறது. அங்கிருந்து இரண்டு விதமான அலைகள் கிளம்புகின்றன. ஒன்று முன்னும் பின்னுமாகத் தள்ளிக்கொண்டு வேகமாக வரும். மற்றது பக்கவாட்டில் உலுக்கிக்கொண்டு பின்தங்கி வரும். மலைக்கு அந்தப் பக்கம், மதராஸ் ராஜ்யத்தில், கனமான குண்டைத் தொங்கவிட்ட கருவி ஒன்று இருக்கிறதாம். தரை ஆடினாலும் குண்டு தன் கனத்தால் நின்ற இடத்திலேயே நிற்கப் பார்க்கும். அந்த வித்தியாசம் சுழலும் காகிதத்தில் கோடாக விழும். இரண்டு அலைகளுக்கும் உள்ள இடைவெளியை அளந்தால், எவ்வளவு தூரத்திலிருந்து வந்தது என்று சொல்லிவிடலாம். எந்த ஊர் எவ்வளவு பலமாக ஆடியது என்று மட்டும் அது சொல்லாது.

“அதுக்கு மனுஷன்தான் கருவி,” என்றார் ஆபீசர். “நடக்கிறவனுக்குத் தெரியாது. உட்கார்ந்திருந்தவனுக்குக் கொஞ்சம் தெரியும். படுத்திருந்தவனைத் தேடிப் பிடியும்.”

மற்ற எஸ்டேட்டுகளில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தவர்கள் கிடைத்தார்கள். இந்தக் கரடிப்பாறை எஸ்டேட்டில் ஆஸ்பத்திரியே இல்லை. ஹெட் கிளார்க் கபிரியேல் நாற்காலியை விட்டு எழுந்திருக்காமலே சொன்னார்: “எழுதினதை எல்லாம் எங்கிட்டக் காட்டிட்டுத்தான் கொண்டுபோகணும். தொரை உத்தரவு.” துணைக்குக் கங்காணி சின்னமுத்துவையும் கூட அனுப்பினார்.

கொழுந்து நிறுக்கும் கொட்டகையில் பெண்கள் கூடைகளோடு வரிசையாக நின்றார்கள். அலியார் ஒவ்வொருத்தியையும் கேட்டார்.

“அன்னிக்குப் பூமி ஆடுனது தெரிஞ்சுதுங்களா?”

“தெரியலைய்யா. கொழுந்து எடுத்துக்கிட்டிருந்தேன்.”

“கொழுந்துதான் எடுத்தேன்.”

பூமாரி என்பவள் கூடையை இறக்காமலே சிரித்தாள். “ஒரு கால் மேட்டுல, ஒரு கால் பள்ளத்துல. தலையில இந்தப் பாரம். ஆடுறது பூமியா நானான்னு எப்படிய்யா தெரியும்?”

“ஏ, வாயை மூடிட்டு நிறுவையைப் பாரு,” என்றார் சின்னமுத்து.

“கேட்டதுக்குத்தானே கங்காணி சொன்னேன். நீரு ஆடலையாக்கும்?”

எல்லாரும் சிரித்தார்கள். அலியார் ‘தெரியவில்லை’ என்று எழுதி எழுதிக் கை ஓய்ந்துபோனார். கைக்குழந்தைகளை விட்டுப்போகும் பிள்ளைப்புரையில், அன்றைய கூச்சலுக்கு நடுவே ஆயாவுக்கு ஒன்றும் தெரியவில்லை. வயசானவர்களை எஸ்டேட்டில் வைத்துக்கொள்வதில்லை. தொழிலாளிகளின் வரிசை வீடுகளான லயத்தில் பகலில் படுத்திருக்க ஆளே கிடையாது என்றார் சின்னமுத்து.

ஆனாலும் லயத்தையும் பார்த்துவிடுவோம் என்று அலியார் ஏறினார். கடைசி வீட்டின் சுவர் மேலிருந்து கீழ்வரை பிளந்திருந்தது. உள்ளே, அவர் கொட்டகைக்கு வருமுன்பே கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்திருந்த குருவம்மாள் அடுப்பு ஊதிக்கொண்டிருந்தாள். புருஷன் இல்லாதவள், இரண்டு பிள்ளைகள். சுவரை உற்றுப் பார்க்கிற ஆளைக் கண்டதும் எழுந்து வந்தாள்.

“நல்லாப் பாருங்கய்யா. முன்னாடி மயிரிழையாத்தான் இருந்துச்சு. அன்னைக்கு ஆட்டத்துல கை நுழையிற மாதிரி ஆயிருச்சு. பிள்ளைகள வாசப்பக்கமா இழுத்துப் போட்டுக்கிட்டுப் படுக்கேன்.”

“எப்படிங்க ஆடுச்சு?”

“மொதல்ல அடியில லாரி போன மாதிரி குர்ருன்னு ஒரு தள்ளு. செத்த நேரங்கழிச்சுப் பிடிச்சு உலுக்கினாப்ல இருந்துச்சு. இந்தா, உறிப்பானை போய்ச் செவுத்துல முட்டுச்சு.”

ஐந்து எஸ்டேட்டில் இரண்டு அலையும் ஒரே வாயிலிருந்து வந்தது இதுதான் முதல் தடவை. அலியாருக்கு அலுப்புக்கூட ஒரு கணம் விலகியது.

“அப்ப நீங்க படுத்திருந்தீங்களா?”

குருவம்மாள் வாயைப் பொத்திக்கொண்டாள். சின்னமுத்து வாசலுக்குப் போய் இருபுறமும் பார்த்துவிட்டுத் திரும்பினார்.

“ஏ தாயி, என் பொழப்பையும் சேத்துல்ல கெடுக்க,” என்றார். பிறகு அலியாரிடம் குரலை இறக்கினார். “காய்ச்சல்ய்யா அவளுக்கு. ஏற்கெனவே நாளு நிறையப் போச்சு. இன்னொரு நாள் வரலைன்னா பேரை வெட்டிருவேன்னு கிளார்க் சொல்லியிருந்தாரு. நான்தான் வந்ததா செக்ரோல்ல பேர் போட்டேன்.”

அலியார் தாளைப் புரட்டினார். “செவுத்தை எழுதினா மராமத்துக்கு இன்ஜினீயர் வருவாருங்க. ஆனா அது அன்னிக்குத்தான் பிளந்துச்சுன்னு பார்த்தது ஆரு, அப்ப என்ன பண்ணிட்டு இருந்தாங்கன்னு தாள்ல கேள்வி இருக்குதுங்க.”

“என்னைய விட்டுருங்க. பானையை மட்டும் எழுதுங்களேன்.”

“ஆருமில்லாத ஊட்டுல பானை ஆடுனதை ஆரு பார்த்தாங்கன்னு அந்தக் கிளார்க் கேப்பாருங்க.”

அவள் சுவரைப் பார்த்தாள். பிளவுக்குள் விரலை விட்டு எடுத்தாள். சிவப்பு மண் ஒட்டிக்கொண்டு வந்தது, சேலையில் துடைத்தாள்.

“பேரு போனா வீட்டையும் காலி பண்ணச் சொல்லுவாக. அப்புறம் இந்தச் செவுரு நின்னா என்ன, விழுந்தா என்ன? ஆடலைன்னே எழுதிருங்கய்யா.”

அலியார் எழுதினார்.

“மறுபடியும் ஆடுமா?” என்று கேட்டாள்.

“தெரியாதுங்க. முன்னாடியே சொல்ற கருவி எங்கியும் இல்லீங்க.”

“நாளைக்கே கம்பு வெட்டியாந்து முட்டுக் கொடுக்கேன் தாயி,” என்றார் சின்னமுத்து. அவள் அடுப்புக்குத் திரும்பினாள்.

கபிரியேல் தாள்களை ஒவ்வொன்றாகப் பார்த்துத் திருப்தியோடு முத்திரை குத்தினார்.

மூன்றாம் நாள் கோட்டயத்தில் ஆபீசர் வரைபடத்தை விரித்து, அதிர்ச்சி தெரிந்த ஊர்களைச் சுற்றிப் பென்சிலால் வளைவு இழுத்தார். கரடிப்பாறைக்கு வந்ததும் பென்சில் நின்றது.

“சுற்றிலும் ஆடியிருக்கு. இங்கே மட்டும் ஒருத்தருக்கும் தெரியலையா? படுத்திருந்தவங்க யாருமே இல்லையா?”

“எல்லாரும் வேலைக்குப் போயிருந்தாங்க சார்.”

ஆபீசர் யோசித்தார். பிறகு வளைவை உள்பக்கமாக மடக்கி எஸ்டேட்டை வெளியே விட்டுவிட்டு, ஓரத்தில் பொடியாக எழுதிக்கொண்டே சொன்னார்.

“அடியிலே நல்ல கெட்டிப் பாறை போல. அதான் அசையலை. வீடு கட்ட உத்தமமான இடம்.”

“இருக்கலாமுங்க சார்,” என்றார் அலியார்.