தலைகீழ் அன்னம்

"சோப்பு எங்கம்மா? ஒரு சோப்பு எடுத்துக் குடுக்க ஆளில்லையா இந்த வீட்ல?" என்று கொல்லைப்புறத்திலிருந்து கத்திக்கொண்டே வந்தார் சித்தப்பா. அப்பாவின் உடலைப் பெஞ்சில் கிடத்தி முதல் தண்ணீர் ஊற்றியாகிவிட்டது. குளியலறையில் கிடந்ததோ நகம் போல ஒரு சில்லு. காலமெல்லாம் மளிகைக்கடை நடத்தியவர் வீட்டில் சோப்பு இல்லை என்றால் யார் நம்புவார்கள்?

சித்தப்பா லாரி ஓட்டுகிறவர். எதற்கும் காத்திருந்து பழக்கமில்லை. நேரே அப்பாவின் கண்ணாடி அலமாரியைத் திறந்தார். மகள் அடுக்களையிலிருந்து ஓடி வருவதற்குள் உறை கிழிந்துவிட்டது.

"ஐயோ சித்தப்பா! அதைப் போயா எடுத்தீங்க!"

"ஏன், கடிச்சிடுமா? அலமாரி நிறைய சோப்பும் பவுடர் டப்பாவுமா அடைச்சு வச்சிருக்காரு. அண்ணனுக்கு இல்லாத சோப்பா?"

அப்பா கண்டதையும் அடைத்து வைக்கவில்லை. கடைக்குப் புதுச் சரக்கு வந்தால் பெட்டியைப் பிரித்து, தாடையைத் தடவிக்கொண்டு வெகுநேரம் பார்ப்பார். பிறகு ஒன்றே ஒன்றை எடுத்து வைப்பார். "அழகா இருக்குன்னு எல்லாரும் பத்திரப்படுத்துறதைத் தொடவே கூடாது, அது வீட்டுக்கு வீடு கிடைக்கும். எதை யோசிக்காம கிழிச்சுப் போடுறாங்களோ, அதை எடுத்து வை" என்பார். இதற்குச் சொந்தக்காரர்கள் கொடுத்த பட்டம் 'குப்பை மகாராஜா'. பட்டம் கட்டியதே சித்தப்பாதான். அப்பாவும் சேர்ந்து சிரிப்பார். அவளுக்குத்தான் பற்றிக்கொண்டு வரும்.

இந்தச் சோப்பு விற்பனைக்கே வராமல் போன சோப்பு. கம்பெனி மாதிரிக்கு அனுப்பிய பெட்டியில், உறையில் இருந்த அன்னப் படம் தலைகீழாக அச்சாகிவிட்டது. அத்தனையையும் திருப்பி வாங்கி அழித்துவிட்டார்கள். அப்பா ஒன்றை மட்டும் தரவில்லை. பழம்பொருள் கண்காட்சி வைக்கிறவர் ஒருவர் போன மாதம் வந்து பார்த்துவிட்டு, மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி பார்த்தார். வாசலுக்கு நேராக, அப்பா பெயருடன் வைக்கப்போவதாகச் சொல்லியிருந்தார். எங்கப்பா கண்ணு என்ன கண்ணுன்னு எல்லாருக்கும் தெரியட்டும் என்று அந்த நாளுக்காகத்தான் அவள் காத்திருந்தாள். நேற்று மாலை அப்பா போய்விட்டார்.

மாலையும் கையுமாக உள்ளே வந்த கண்காட்சிக்காரர், கிழிந்த உறையைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார்.

"யாருங்க இதைப் பிரிச்சது? உலகத்துலயே இது ஒண்ணுதாங்க இருக்கு!"

"சோப்புதானே..." என்றார் சித்தப்பா. குரல் உள்ளே போயிருந்தது.

"இன்னும் நனையல. குடுங்க. உறையை ஒட்டிட்டா கிழிசல் தெரியாது. ஐயா பேர் நிலைக்கும்மா."

சித்தப்பா சோப்பைப் பார்த்தார். அலமாரியைப் பார்த்தார். ஒவ்வொரு தட்டாக, முதல் தடவையாகப் பார்ப்பவர் மாதிரி. "நான் பாட்டுக்குச் சிரிச்சிட்டே இருந்தேனே... அண்ணன் பெரிய ஆளுதான்" என்றார்.

இந்த முகத்தில் இதைப் பார்க்கத்தானே இத்தனை காலம்! அவளுக்கு நெஞ்சு நிமிர்ந்தது. அழுகையும் வந்தது. கண்காட்சிக்காரர் இன்னும் கையை நீட்டியபடியே நின்றார்.

"உறையை எடுத்துக்குங்க சார். கிழிஞ்சபடியே வைங்க. சோப்பு அப்பாவுக்கு."

"அம்மா, கொஞ்சம் யோசிச்சு..."

"யோசிச்சுட்டேன். இந்தச் சோப்பு போட்டுக் குளிச்சவங்க யாருமே கிடையாது. எங்கப்பா ஒருத்தர்தான். அதையும் சேர்த்து எழுதி வைங்க."

சித்தப்பா சோப்பை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு கொல்லைப்புறம் போனார். தேய்த்தார், தேய்த்தார். கல்லாக இறுகிப்போனது, நுரைத்தால்தானே! காலையிலிருந்து மூலையில் உட்கார்ந்திருந்த அம்மா எழுந்து வந்தாள்.

"இப்படிக் குடுங்க தம்பி. கொஞ்சம் ஊறணும்."

தண்ணீரில் முக்கி, உள்ளங்கையில் வைத்துப் பொறுமையாக உருட்டினாள். வாசனைதான் முதலில் வந்தது. பிறகு வெள்ளை வெளேரென்று நுரை. அப்பாவின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, இடுக்கெல்லாம் தேய்த்துவிட்டாள். மகள் செம்பிலிருந்து தண்ணீர் ஊற்றினாள்.

"உன் கையில இருக்கிறதையும் கழுவிக்கோம்மா" என்று செம்பைச் சாய்க்கப் போனாள். அம்மா கையை நீட்டவில்லை. மிச்ச நுரையை முகத்தில் பூசிக்கொண்டு, கண்ணை மூடி நின்றாள்.