சால்வையின் பச்சை மூலை

அம்மாவின் வலது கைக்கு வெள்ளைக் கையுறை மாட்டிக்கொண்டிருந்தபோது ஜாஸ்மிக்குப் பிளாஸ்டிக் கருகும் நாற்றம் அடித்தது. விரல்களைப் பாதியில் விட்டுவிட்டு உள்ளறைக்கு ஓடினாள்.

அப்பாவின் தங்கை லீலாபாய் மாமி அயன்பாக்ஸைத் தூக்கிப் பிடித்தபடி நின்றாள். மேசையில் அம்மாவின் சால்வை. கடைக் கவர்களையெல்லாம் கழுவிக் காயவைத்து, நாடாவாக வெட்டி, குரோஷா ஊசியால் ஒரு வருஷமாகப் பின்னியது. அதன் ஒரு மூலை உருகிச் சுருண்டு கிடந்தது.

“வேணும்னுதானே செஞ்சிய?”

“சத்தியமா இல்ல மக்கா! மைனிக்க துணியெல்லாம் வரிசையா தேச்சிட்டு வந்தேன். இது கவருன்னு ஓர்மையே இல்ல.”

நம்புவதா? “குப்பையப் போத்தியா அனுப்பப் போறிய? ஊரு சிரிக்கும்” என்று காலையிலிருந்து மல்லுக்கட்டியவள் இவள்தான். இதைப் போர்த்தித்தான் தன்னை அடக்கம் செய்யவேண்டும் என்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் அம்மா கையைப் பிடித்துக் கேட்டிருந்தாள். ஜாஸ்மி மேசையிலிருந்து சால்வையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

அப்போதுதான் மாமியின் விரல்களைப் பார்த்தாள். உருகியதை வெறுங்கையால் பிய்த்து எடுத்திருக்கிறாள். இரண்டு விரல்களில் கொப்பளம். பக்கத்தில், அம்மாவோடு பெட்டியில் வைக்க எடுத்த சேலை, பாவாடை, கைக்குட்டைகூட மடிப்புக் கலையாமல் தேய்த்து அடுக்கியிருந்தது.

“ஜாஸ்மி, சர்ச் ஐயர் வந்தாச்சு. ஜெபம் தொடங்கணும்” என்று அப்பா வாசலிலிருந்து கூப்பிட்டார்.

“பத்து நிமிசம்ப்பா!”

கருகிய மூலையைக் கத்தரித்து எறிந்தாள். அம்மாவின் ஊசி கிடைத்தது. கவர்தான் ஒன்றும் மிச்சமில்லை. மாமி ஒரு கணம் நின்றாள். பிறகு, சால்வைக்குப் பதிலாகப் போர்த்துவதற்கென்று தான் வாங்கி வந்த பட்டுத் துணியை எடுத்துக் கட்டிலில் போட்டுவிட்டு, அது இருந்த பச்சைக் கவரைக் கத்தரியோடு கொண்டுவந்தாள்.

“எவ்வளவு அகலத்துல வெட்டணும்?”

“ஒரு விரல் அகலம்.”

மாமி வெட்ட வெட்ட ஜாஸ்மி பின்னினாள். அம்மாவின் கை வரவில்லை, கண்ணிகள் கோணலாக விழுந்தன. வெளியே பாட்டு தொடங்கிவிட்டது.

கூடத்தில் அப்பா கையுறைகளை மாட்டி முடித்திருந்தார். ஜாஸ்மி சால்வையைப் போர்த்தி, பச்சை மூலையை உள்ளே மடித்து மறைக்கப் போனாள்.

“இதென்ன, கடைக் கவரா?” என்றாள் பக்கத்து வீட்டுக்காரி.

“எங்க மைனி பின்னினது” என்றாள் மாமி, எல்லோருக்கும் கேட்கும்படி.

மடித்த மூலையை வெளியே எடுத்து அம்மாவின் நெஞ்சின்மேல் விரித்தாள். உள்ளங்கையால் அழுத்தித் தேய்த்தாள். சுருக்கம் போகவில்லை. இன்னொரு தடவை தேய்த்தாள்.