பத்து நாள் வெளிநாட்டுக்காரர்

இஷ்தியாக் அகமது என்னிடம் கொண்டு வந்த கேஸ்களில் பாதி செக் பவுன்ஸ், மீதி பங்காளித் தகராறு. ஆம்பூரில் ஷூ ஃபேக்டரி வைத்திருக்கிறவருக்கு வேலூரில் எதற்கு வக்கீல் என்று கேட்டால், ஆம்பூர் வக்கீலிடம் காலையில் சொன்னது மத்தியானத்துக்குள் ஊருக்கே தெரிந்துவிடும் என்பார். 2009 ஏப்ரல் கடைசியில் ஒருநாள், லாங் பஜாருக்குப் பின்னால் இருக்கும் என் ஆபீஸ் மாடிப்படியில் மூச்சு வாங்க ஏறி வந்து, வழவழவென்று ஒரு புத்தகத்தை என் மேஜைமேல் வைத்தார்.

அட்டையில் நீலக் கடல். கரையில் ஒரு வெள்ளைக்காரக் குடும்பம் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றது. ஒருத்தருக்கும் வியர்க்கவில்லை.

"டூர் போறீங்களா பாய்?"

"இல்லம்மா. சிட்டிசன் ஆவப்போறேன்."

நான் சிரித்துவிட்டேன். சிரிக்கக் கூடாத இடத்தில் சிரித்து ஜட்ஜிடமே வாங்கிக் கட்டிக்கொண்டவள் நான். பாய் சிரிக்கவில்லை. புத்தகத்தை என் பக்கம் திருப்பி, விரலை வைத்து வைத்து விளக்கினார்.

கரீபியன் கடலில் ஒரு தீவு. நம் பக்கத்து ஒரு தாலுகா அளவுகூட இருக்காது. அந்த அரசாங்கத்திடம் ஒரு பெரிய தொகையை முதலீடு செய்தால் குடும்பத்துக்கே குடியுரிமையும் பாஸ்போர்ட்டும் கொடுப்பார்கள். அந்தப் பாஸ்போர்ட் கையில் இருந்தால் இங்கிலாந்துக்கும் ஜெர்மனிக்கும் விசா வேண்டாம். சென்னையில் ரெனால்ட் என்பவர் இதற்கென்றே ஆபீஸ் போட்டிருந்தார். தீவில் கம்பெனி பதிவது, பேங்கில் கணக்குத் திறப்பது, குடியுரிமை வாங்கித் தருவது எல்லாம் அவர் பார்த்துக்கொள்வார். போலீஸ் சான்று, பிறப்புச் சான்று, அபிடவிட் என்று உள்ளூரில் அலைய ஒரு வக்கீல் வேண்டும். அது நான். மறைப்பானேன், நல்ல ஃபீஸ். எனக்கு ஆசையாகத்தான் இருந்தது.

"இருக்கற பாஸ்போர்ட்டுக்கு இன்னா பாய் கொறச்சல்?"

அவர் முகம் சுருங்கிவிட்டது. போன செப்டம்பர் ஜெர்மனியில் செருப்புக் கண்காட்சி. இவருடைய விசா, கண்காட்சி முடிந்த மறுநாள் வந்து சேர்ந்தது. நாலு வருஷமாக வாங்கிக்கொண்டிருந்த பையர் வேறு ஆளிடம் போய்விட்டான். ஃபேக்டரியில் இரண்டு தையல் லைன் ஒரு மாசம் சும்மா கிடந்தது. ஆனால் அவரைக் குடைந்துகொண்டிருந்தது அது இல்லை.

"விசா ஆபீஸ்ல கண்ணாடிக்கு அந்தாண்ட சின்ன வயசுக்காரன் ஒருத்தன் உக்காந்திருந்தான்மா. எதுக்குப் போறீங்க, எப்பத் திரும்பி வருவீங்க, வருவீங்கன்றதுக்கு இன்னா ப்ரூஃப்னு கேட்டான். நானூறு பேருக்குச் சம்பளம் போடறவன் நான். அப்பா அம்மாவ அடக்கின கபர் இங்க. இதுக்கு மேல இன்னா ப்ரூஃப் காட்டுவேன்? ஒருத்தன் முன்னாடியும் இனிமே அந்த மாதிரி நிக்கமாட்டேன்."

அவருக்கு அப்போது ஐம்பத்தைந்து வயது. அந்தப் பையனை நினைத்து எனக்கும் சுருக்கென்று கோபம் வந்தது.

இந்த விவகாரம் எனக்குப் பழக்கமில்லாதது. அன்று சாயங்காலம் சட்டப் புத்தகத்தைத் தூசி தட்டி எடுத்தேன். குடியுரிமைச் சட்டம், ஒன்பதாவது பிரிவு. ஒருவர் தாமாக விரும்பி வேறு நாட்டின் குடியுரிமையை வாங்கினால், அத்தோடு அவர் இந்தியக் குடிமகன் இல்லை. யாரும் நோட்டீஸ் அனுப்ப வேண்டியதில்லை. உடனே பாய்க்குப் போன் போட்டேன்.

"ரெண்டையும் பாக்கெட்டுக்கு ஒண்ணா வச்சிக்கலாம்னு நெனச்சேனே" என்றார்.

"வச்சிக்க முடியாது. ஒண்ணு வந்தா ஒண்ணு போயிடும்."

 ரெனால்டை நேரில் கூட்டி வருவதாகச் சொன்னார்.

மே நாலாம் தேதி, அக்னி நட்சத்திரம் ஆரம்பித்த அன்று, இருவரும் வந்தார்கள். வேலூர் வெயிலில் ரெனால்ட் டை கட்டியிருந்தார். ஏமாற்றுக்காரர் என்று நினைத்துச் சண்டைக்குத் தயாராக உட்கார்ந்திருந்தேன். மனுஷர் உள்ளதை உள்ளபடி சொல்லி என் சண்டை ஆசையில் மண்ணைப் போட்டார்.

"மேடம் சொல்றது கரெக்ட்தான் சார். இந்தியன் பாஸ்போர்ட்ட சரண்டர் பண்ணணும். அப்புறம் ஓசிஐ கார்டுக்கு எழுதிப் போடலாம். வெளிநாட்டுக் குடிமகனாப் போன இந்தியருக்கு ஆயுசுக்கும் விசா மாதிரி. அது வந்துட்டா இதே வீட்ல இருக்கலாம், இதே ஃபேக்டரிய நடத்தலாம். எல்லாம் அதேதான். ஓட்டு கிடையாது. விவசாய நிலம் வாங்க முடியாது. அவ்வளவுதான் வித்தியாசம்."

பாய் தாடியைத் தடவினார். "சாம்பிள் இருக்கா?"

"எதுக்கு சார் சாம்பிள்?"

"குடியுரிமைக்கு."

ரெனால்ட் என்னைப் பார்த்தார். எனக்குப் புரிந்தது. ஆம்பூரில் சாம்பிளைப் பார்க்காமல் யாரும் எதையும் வாங்கவும் மாட்டார்கள், விற்கவும் மாட்டார்கள். ஒரு ஜோடி ஷூவைத் தைத்து, பையர் தொட்டுப் பார்த்துத் தலையாட்டின பிறகுதான் ஆயிரம் ஜோடிக்குத் தோலே வெட்டுவார்கள். புது அளவாக இருந்தால், அந்தச் சாம்பிளை ஒரு தொழிலாளிக்கு மாட்டிவிட்டுப் பத்து நாள் நடக்க விடுவார்கள். எங்கே இறுக்குகிறது, எங்கே உரசுகிறது என்று அவர் சொல்ல வேண்டும். அதற்கு வேர் டிரையல் என்று பெயர்.

"சாம்பிள் நான் தர்றேன் பாய்" என்றேன். "இன்னைலேர்ந்து பத்து நாள் நீங்க வெளிநாட்டுக்காரர். வேர் டிரையல். பதிமூணாம் தேதி முடியுது. பதினாலாம் தேதி ரெனால்ட் சார் பேப்பரோட வரட்டும். டிரையல் ஓகேன்னா கையெழுத்துப் போடுங்க. அத்தோட நீங்க இந்த நாட்டுக்காரர் இல்ல."

"மேடம், எங்க ப்ரொசீஜர்ல இப்படியெல்லாம் எதுவும் இல்லியே" என்றார் ரெனால்ட்.

"நல்ல ஐடியாமா" என்றார் பாய். அவருக்கு முகமே மலர்ந்துவிட்டது.

ஒரு வெள்ளைத் தாளில் எழுதினேன். ஓட்டு இல்லை. விவசாய நிலம் இல்லை. பத்து நாளும் தன்னை அந்தத் தீவுக்காரராகவே நினைத்துக்கொள்ள வேண்டும். பாய் கீழே கையெழுத்துப் போட்டு, தேதியும் போட்டார்.

மூன்றாம் நாள் போன் வந்தது. குடியாத்தம் ரோட்டில் மூன்று ஏக்கர் தென்னந்தோப்பு ஒன்று அவர் கண்ணில் ஒரு வருஷமாக இருந்தது. அன்றைக்குத்தான் தோப்புக்காரர் விலைக்கு இறங்கி வந்திருந்தார்.

"விவசாய நிலமாச்சே பாய். உங்களுக்கு முடியாது."

"ஜஹீதா பேர்ல வாங்கறேன்."

"குடும்பத்தோட சேத்துதான தீவுக்கு எழுதறீங்க? அவங்களும் வெளிநாடுதான்."

பெருமூச்சு கேட்டது. "இளநி வெட்டிக் குடுக்கறாரும்மா. அதக் குடிக்கலாமா?"

"தாராளமாக் குடிங்க. தோப்பைத்தான் வாங்கக் கூடாது."

அன்று மாலையே அவர் மனைவி ஜஹீதா கூப்பிட்டார். எனக்கு மிகவும் பிடித்த பெண்மணி. அதட்டலிலும் ஒரு மரியாதை இருக்கும்.

"வக்கீலக்கா, என் நாட்டை மாத்தறதுக்கு முன்னாடி என்னை ஒரு வார்த்த கேக்கணும்னு இவருக்குத் தோணல பாருங்க. பொடவை எடுத்தாக்கூட கலரு கேப்பாரு."

"டிரையல்தான் ஜஹீதா."

"டிரையல் அவருக்கு. வர்ற எலக்சன்ல நான் ஓட்டுப் போடுவேன். பதிமூணாம் தேதி நீங்க வீட்டுக்கு வந்துடுங்க. ரிப்போர்ட்ட நீங்களே நேர்ல வாங்கிக்கோங்க."

இதற்கு நடுவில் என் வேலையும் நடந்தது. தீவின் விண்ணப்பத்தில் பத்து வருஷப் பயண விவரம் கேட்டிருந்தார்கள். பாயின் பழைய பாஸ்போர்ட்கள், விசா ரசீதுகள், கொரியர் சீட்டுகள் எல்லாவற்றையும் என் குமாஸ்தா காசிநாதன் தேதிவாரியாக அடுக்கி வைத்தார். பார்க்கப் பார்க்க எனக்குக் கோபம் ஏறியது. ஒன்பது விசா. ஒவ்வொரு தடவையும் கண்காட்சிக்குப் பத்து நாள் இருக்கும்போதுதான் விசாவுக்கே விண்ணப்பித்திருந்தார். எட்டு தடவை எப்படியோ தப்பித்திருக்கிறார், ஒன்பதாவது தடவை மாட்டிக்கொண்டார்.

"இன்னா பாய் இது?" என்று போனிலேயே கத்தினேன். "ரெண்டு மாசம் முன்னாடி எழுதிப் போட்டா இன்னா கேடு?"

"சாம்பிள் கைக்கு வரணுமில்லமா. சாம்பிள் ரெடியாவாம விசா வாங்கிக்கினு, அங்க போய்க் கைய வீசிக்கினு நிக்கறதா?"

"விசா குடுக்கறவங்க ஷூவக் காட்டுன்னு கேட்டாங்களா?"

அந்தப் பக்கம் நாற்காலி நகரும் சத்தம் மட்டும் கேட்டது.

"இதுக்குப் போய் நாட்டையே மாத்த வந்தீங்களே!" என்றேன். ஜெயித்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

"அது என் தப்புதான். ஒத்துக்கறேன். இனிமே முன்னாடியே போடலாம்" என்றார் மெதுவாக. "ஆனா விசா சீக்கிரம் வந்தாலும் அந்தக் கேள்விய மறுபடி கேப்பாங்க இல்ல? புதுப் பாஸ்போர்ட் இருந்தா அங்க போய் நிக்கவே வேணாமே. நான் கையெழுத்துப் போடத்தாம்மா போறேன்."

 தேதிக் கணக்கை வைத்து மனக்குறையைத் தீர்க்கப் பார்த்தேனே என்று என்மேலேயே எரிச்சலாக இருந்தது.

பதிமூன்றாம் தேதி நாடாளுமன்றத் தேர்தல். காலையில் வேலூரில் என் ஓட்டைப் போட்டுவிட்டு ஆம்பூருக்கு பஸ் ஏறினேன். ஜஹீதா தால்ச்சாவும் சோறுமாகப் போட்டுத் திணறடித்தார். பாய் சாப்பிட்டுவிட்டுப் பேப்பர் படித்தார். அதே பக்கத்தை அரைமணி நேரம் படித்தார்.

"ரிப்போர்ட் இன்னா பாய்?"

"எங்கயும் இறுக்கல, உரசல. எல்லாம் அதேதான், அந்த ஆளு சொன்னாப்புல."

வெயில் கொஞ்சம் தணிந்ததும் ஜஹீதா ஓட்டுப் போடக் கிளம்பினார். இரண்டு தெரு தள்ளி முனிசிபல் பள்ளிக்கூடம். சும்மா துணைக்கு வருகிறேன் என்று பாயும் கூட வந்தார். ஜஹீதா உள்ளே போனார். பாய் கேட்டுக்கு வெளியே வேப்பமரத்து நிழலில் நின்றார், பக்கத்தில் நான்.

போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லாரும் அவருக்குத் தெரிந்தவர்கள். சலாம் சொன்னார்கள், வணக்கம் சொன்னார்கள். ஒவ்வொருவரும் அவர் விரலைப் பார்த்தார்கள். அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

அவர் ஃபேக்டரியில் தையல் லைனில் இருக்கும் செண்பகம் ஓட்டுப் போட்டுவிட்டு வெளியே வந்தாள். இருபது வருஷமாக அங்கே வேலை செய்கிறவள், பயமெல்லாம் கிடையாது.

"இன்னா முதலாளி, போட்டாச்சா?"

"இல்லம்மா."

"லிஸ்ட்ல பேரு இல்லியா?"

"இருக்குது."

"அப்புறம் இன்னாத்துக்கு இங்க நிக்கிறீங்க? அஞ்சு மணிக்கு கேட்டைச் சாத்திடுவாங்க. போங்க, லைன் கம்மியாத்தான் இருக்குது."

சொல்லிவிட்டு அவள் பாட்டுக்குப் போய்விட்டாள்.  பாய் என்னைப் பார்த்தார்.  போங்க பாய், போங்க என்று என் மனசு அடித்துக்கொண்டது. ஆனால் நான் சொல்லி அவர் போனால் அது டிரையல் ஆகாது. பல்லைக் கடித்துக்கொண்டு ரோட்டைப் பார்த்தேன்.

மணி நாலே முக்கால். பாய் சட்டைப்பையில் கையை விட்டு எதையோ எடுத்தார். வாக்காளர் அட்டை. ஓட்டுப் போடக் கூடாதவர் அதைக் காலையிலிருந்து பையிலேயே வைத்துக்கொண்டு இருந்திருக்கிறார். என்னிடம் ஒன்றும் சொல்லாமல் கேட்டுக்குள் நுழைந்தார். வேகமாக நடந்தார், கடைசி பத்தடி ஓட்டம்தான்.

ஜஹீதா வெளியே வந்து, "இவரு எங்க?" என்றார். நான் உள்ளே கையைக் காட்டினேன். இருவரும் காத்திருந்தோம். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. கையைவிட்டுப் போன ஃபீஸ் ஒரு நொடிகூட ஞாபகத்துக்கு வரவில்லை.

பாய் திரும்பி வந்தபோது மை காயாத விரலைத் தனியாக நீட்டிப் பிடித்திருந்தார். கண் கலங்கியிருந்தது.

"பேரைச் சத்தமாப் படிச்சாங்கம்மா" என்றார். "கட்சி ஏஜென்ட்டுங்க நிமிந்து பாத்து, சரி சரின்னு தலையாட்டினாங்க. ஒரு டீச்சரம்மா மை வச்சாங்க. போங்க பாய்னாங்க. அவ்ளோதான்."

மை விரலை மறுபடி ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

"எதுக்கு வந்தே, எப்பத் திரும்பிப் போவேன்னு ஒருத்தரும் கேக்கலம்மா."

ஜஹீதா அவர் கையைப் பிடித்துக்கொண்டார், நடுத்தெருவில், எல்லாரும் பார்க்க. நான் கொஞ்சம் தள்ளி நின்று ரெனால்டுக்குப் போன் போட்டு, நாளைக்கு வர வேண்டாம் என்று சொன்னேன்.